பல்கலைக்கழக இணையதள மார்க்கெட்டிங்கில் இருப்பவர்களே, தினமும் எதை வாசிக்கிறீர்கள்?

#1 வலசைப்பறவை

வணக்கம். எட்டு வருடம் இணைய வணிகத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பார்த்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையப் பிரிவுக்கு வந்திருக்கிறேன். வரும்போது பழைய வாசிப்புப் பட்டியலையும் அப்படியே கொண்டுவந்துவிட்டேன். தேடுபொறி பற்றி நான்கு வலைப்பதிவுகள், விளம்பரம் பற்றி மூன்று, அப்புறம் 'கன்வர்ஷனை (பார்க்க வந்தவரை வாங்கவைப்பதை) இரட்டிப்பாக்குவது எப்படி' ரகத்தில் கணக்கில்லாமல்.

அதில் பாதி இங்கே செல்லாக்காசு. கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்கு எத்தனை மணி நேரத்தில் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் இங்கே கூடையே கிடையாது. ஒரு மாணவி முதல்முறை படிப்புப் பக்கத்தைப் பார்ப்பதற்கும் வகுப்பில் வந்து உட்காருவதற்கும் நடுவே ஒன்றரை வருடம் ஓடிவிடுகிறது. அதற்குள் அம்மா, அப்பா, பள்ளி ஆசிரியர், ஏற்கெனவே அங்கே படிக்கும் அக்கா என்று நாலைந்து பேர் அவளுக்காகத் தளத்தை மேய்ந்துவிடுகிறார்கள்.

மார்க்கெட்டிங், உயர்கல்வி இரண்டும் சேரும் இடத்தில் உருப்படியாக எழுதுகிறவர்கள் யார்? பட்டியல் மட்டும் போட வேண்டாம். ஏன் வாசிக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது சேருங்கள்.

#2 பழைய_வெப்மாஸ்டர்

வாருங்கள். கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறீர்கள். இந்தத் துறையின் வலைப்பதிவுகளுக்குப் பொற்காலம் என்றால் 2005-இலிருந்து ஏழெட்டு வருடம்தான்.

அப்போது கரீன் ஜோலி 'காலேஜ் வெப் எடிட்டர்' எழுதிக்கொண்டிருந்தார். கல்லூரிகளின் இணையதளத்தைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தனி ஆள். கணினிப் பிரிவில் பாதி, மக்கள் தொடர்பில் பாதி, யாருக்கும் முழுசாகச் சொந்தமில்லாத பிறவிகள். நம்மைப் போல வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம்தான் எனக்குச் சொன்னது. பிறகு 'டாட்எடுகுரு' வந்தது. வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் அவர்கள். தங்கள் தளத்தில் எதை மாற்றினோம், எது சொதப்பியது என்று ஒளிக்காமல் போடுவார்கள். உள்ளடக்கத்துக்கென்றே 'மீட் கன்டென்ட்' இருந்தது.

2013 ஜூலை 1 அன்று, வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடரை மூடினார்கள். எனக்குக் கணிசமான வலைப்பதிவுகள் அன்றோடு மறந்தே போயின. எழுதியவர்களும் ட்விட்டருக்குப் போனார்கள், பதவி உயர்வு பெற்றார்கள், நிறுவனம் தொடங்கினார்கள். ஜோலி பின்னாளில் 'ஹையர் எட் எக்ஸ்பர்ட்ஸ்' என்ற பெயரில் பயிற்சி வகுப்புகள் நடத்தத் தொடங்கினார். அங்கேயும் பதிவுகள் உண்டு.

சரி, இப்போது என்ன என்று கேட்டால்: உயர்கல்வி இணையப் பணியாளர்களின் ஹைஎட்வெப் சங்கம் வெளியிடும் 'லிங்க்' இதழைப் பாருங்கள். மாநாட்டில் பேசுகிற அதே ஆட்கள்தான் எழுதுகிறார்கள். 2004-இல் தொடங்கிய 'இன்சைட் ஹையர் எட்' தளத்தில் 'கால் டு ஆக்‌ஷன்' என்று கல்வி மார்க்கெட்டிங்குக்கே ஒரு பகுதி நடந்தது. அதன் பழைய கட்டுரைகளைத் தேடி வாசிக்கலாம். மேலதிகாரிகளோடு பேசுவதற்கான சொற்கள் அதில் கிடைக்கும், நுட்பம் கிடைக்காது.

#3 தேடுபொறி_தேனீ

பொற்காலப் புலம்பல் போதும் அண்ணா :)

என் காலை வரிசை: முதலில் கூகுள் சர்ச் சென்ட்ரல் வலைப்பதிவு, அடுத்து சர்ச் எஞ்சின் லேண்ட், நேரமிருந்தால் மோஸ். கூகுளின் பதிவை முதலில் வாசிப்பதற்குக் காரணம் உண்டு. மற்றவர்கள் ஐந்நூறு சொல்லில் பதறுவது அங்கே மூன்று வரியில் அமைதியாக இருக்கும்.

மோஸை நிறுவியவர்களில் ஒருவரான ரேண்ட் ஃபிஷ்கின் 2018-இல் அங்கிருந்து விலகி ஸ்பார்க்டோரோ தொடங்கினார். இப்போது அந்த வலைப்பதிவைத்தான் அதிகம் வாசிக்கிறேன். 2024-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்காவில் 1,000 கூகுள் தேடல்களுக்கு 360 கிளிக்குகள்தான் கூகுளுக்குச் சொந்தமில்லாத, விளம்பரத்துக்குப் பணம் கொடுக்காத தளங்களுக்குப் போகின்றன. அதே ஆண்டு மே மாதம் தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ எழுதிக் காட்டும் பதில், அதாவது ஏஐ ஓவர்வியூஸ் வேறு வந்தது. விண்ணப்பக் கடைசித் தேதி, கட்டணம், தகுதி மதிப்பெண் எல்லாவற்றுக்கும் தேடல் பக்கத்திலேயே பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதில் போன வருடத்துப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் நம் கதி என்ன? பழைய பக்கங்களை நீக்குவது, இந்த ஆண்டுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது எல்லாம் இப்போது மார்க்கெட்டிங் வேலைதான். இதை எனக்குப் புரியவைத்தது தேடுபொறி வலைப்பதிவுகள்தான், கல்வி வலைப்பதிவுகள் அல்ல.

#4 எண்கணக்கு

நான் இரண்டே பேரைச் சொல்கிறேன்.

அவினாஷ் கௌஷிக்கின் 'ஆக்கம்ஸ் ரேஸர்'. 2006-இலிருந்து இருக்கிறது. பதிவுகள் நீளம், நகைச்சுவை சில இடங்களில் ஓவர். ஆனால் அறையில் அதிகச் சம்பளம் வாங்குபவரின் கருத்தே முடிவாகிவிடும் நிலைக்கு 'ஹிப்போ' என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். பல்கலைக்கழகக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்தால் அந்தச் சொல்லின் அருமை தெரியும். பார், யோசி, செய், பேண் என்று அவர் பிரிக்கும் நான்கு கட்டங்கள் நம் துறைக்குத் தைத்த சட்டை போலப் பொருந்தும். வணிகத் தளங்களில் எல்லோரும் 'செய்' கட்டத்திலேயே நிற்பார்கள். நம் மாணவி ஒரு வருடம் 'யோசி'யில் இருக்கிறாள்.

இரண்டாவது, சிமோ அஹாவா. தளத்துக்கு வருபவர்களின் நடமாட்டத்தை அளக்க உதவும் கூகுள் டேக் மேனேஜரையும் அனலிட்டிக்ஸையும் நட்டு போல்ட்டாகக் கழற்றிக் காட்டுவார். வலசைப்பறவை, நீங்கள் ஒன்றரை வருடம் என்று சொன்னீர்கள் இல்லையா? ஜிஏ4-இல் (இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸில்) பயனர் அளவிலான தரவு எவ்வளவு காலம் தங்கும் என்று பார்த்தீர்களா? யாரும் தொடாமல் விட்டால் 2 மாதம். இலவசக் கணக்கில் அதிகபட்சம் 14 மாதம். வழக்கமான தொகுப்பு அறிக்கைகளுக்கு இது பாதகமில்லை. நாமே தரவைக் கிளறிப் பார்க்கும் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் பகுதியில்தான் இடிக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதோடு, வந்தவரை அடையாளம் காண ஜாவாஸ்கிரிப்ட் வழியாக உலாவியில் வைக்கப்படும் குக்கியை சஃபாரி 7 நாட்களில் அழித்துவிடும். எட்டாம் நாள் அதே மாணவி வந்தால் கணக்கில் புதிய ஆள். ஆகவே 'முதல் வருகை முதல் விண்ணப்பம் வரை' என்று யாராவது அழகான படம் காட்டினால், எப்படி அளந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

#5 வலசைப்பறவை

எண்கணக்கு, உங்கள் பதிவைப் பார்த்ததும் ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். 2 மாதம். 2023 ஜூலையில் பழைய அனலிட்டிக்ஸ் நின்றபோது யாரோ அவசரத்தில் மாற்றிவிட்டு, அந்த அமைப்பைத் தொடவே இல்லை. போன சேர்க்கைக் காலத்து நடமாட்டம் எல்லாம் போயே போய்விட்டது. இப்போது 14 ஆக்கிவிட்டேன்.

#6 எண்கணக்கு

போனது வராது. இன்றே கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரியோடு இணைத்துவிடுங்கள், இனி வருவதாவது உங்கள் கையில் இருக்கும். பணம் கட்டாத சோதனை வகைக் கணக்காக இருந்தால் 60 நாட்களில் அட்டவணைகள் அழியும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் கழித்து இதே இழைக்கு வந்து இதே புலம்பலைப் போடுவீர்கள்.

#7 கடைசிபெஞ்ச்

எல்லோரும் அடிக்க வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மார்க்கெட்டிங் வலைப்பதிவு எதையும் இப்போது வாசிப்பதில்லை.

நான் வாசிப்பது மூன்று. பிரிட்டன் உயர்கல்வி பற்றிய 'வொங்க்எச்ஈ'. கனடாவிலிருந்து அலெக்ஸ் அஷர் எழுதுவது. கல்வித் தொழில்நுட்பச் சந்தை பற்றி ஃபில் ஹில் எழுதுவது. மூன்றிலும் 'கன்வர்ஷன்' என்ற சொல்லைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

ஏன் இவை? 2024 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வகுப்பறை முதுகலைப் படிப்புக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்ற விதி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 22-ஆம் தேதி கனடா, மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு அறிவித்தது. அமெரிக்காவில் நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும். அந்தமுறை டிசம்பர் கடைசி வரை இழுத்து, மாணவர் விவரம் கல்லூரிகளின் கைக்கு வரவே மார்ச் ஆகிவிட்டது. மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற பழைய வழக்கத்தைப் பல கல்லூரிகள் தள்ளிப்போட்டன.

அந்த மாதங்களில் உங்கள் படிப்புப் பக்கத்தின் வருகை குறைந்திருந்தால் காரணம் பொத்தானின் நிறமா? தலைப்பின் நீளமா? எனக்குத் தெரிந்த ஒரு குழு இரண்டு வாரம் உட்கார்ந்து முகப்புப் படத்தை மாற்றி மாற்றிச் சோதித்தது. விசா விதி மாறியதை அவர்களுக்குச் சொன்னது சேர்க்கைப் பிரிவில் தேநீர் குடிக்க வந்தவர்.

#8 தேடுபொறி_தேனீ

கடைசிபெஞ்ச், இது கொஞ்சம் அநியாயம். கொள்கை மாற்றம் வருடத்துக்கு இரண்டு முறை வரும். மற்ற நாட்களில் பக்கம் திறக்க எட்டு நொடி எடுத்தால் அதையும் வொங்க்எச்ஈ வந்து சரிசெய்யுமா? 2024 மார்ச்சில் பக்கத்தின் வேகத்துக்கு கூகுள் வைத்திருக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோல்களில் எஃப்ஐடி (முதல் கிளிக்குக்கு ஆகும் தாமதம்) போய் ஐஎன்பி (எல்லாக் கிளிக்குகளையும் பார்க்கும் அளவு) வந்தது. எங்கள் படிப்புத் தேடல் பக்கம் ஒரே இரவில் பச்சையிலிருந்து சிவப்பு. வடிகட்டியில் ஒரு கிளிக் செய்தால் அரை நொடிக்கு மேல் உறைந்து நிற்கும், அவ்வளவு பாரமான நிரல். தேடுபொறி வலைப்பதிவு வாசிக்காமல் இருந்திருந்தால் யாரோ சர்வரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

#9 கடைசிபெஞ்ச்

அதை உங்கள் நிரலாளர் வாசித்தால் போதாதா? வலசைப்பறவை மார்க்கெட்டிங் ஆள்.

#10 தேடுபொறி_தேனீ

எங்களிடம் நிரலாளர் வாரத்துக்கு ஒன்றரை நாள். மீதி நாள் அவர் நூலகத்துக்குச் சொந்தம்.

#11 கடைசிபெஞ்ச்

அப்படியென்றால் வாபஸ். வீட்டுக்கு வீடு வாசற்படி.

#12 வளர்ச்சி_வித்தகர்

இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது. காரணம்: விளம்பரம்.

#13 பழைய_வெப்மாஸ்டர்

நீக்கியதும் நல்லதுதான், அதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். உயர்கல்வி மார்க்கெட்டிங் என்று தேடினால் முதலில் வரும் வலைப்பதிவுகளில் பெரும்பாலானவை நமக்கு எதையாவது விற்பவர்களுடையவை. முகவர் நிறுவனங்கள், சிஎம்எஸ் (தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) விற்பவர்கள், மாணவர் பட்டியல் விற்பவர்கள். எல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். எம்ஸ்டோனர் நிறுவனத்தின் வலைப்பதிவில் நல்ல விஷயங்கள் நிறைய வாசித்திருக்கிறேன். ஆனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: கட்டுரையின் கடைசிப் பத்தியை முதலில் வாசிப்பேன். அங்கே அவர்களுடைய பொருள் மட்டுமே தீர்வாக நின்றால், மேலே உள்ள பிரச்சினையும் அந்தத் தீர்வுக்காக அளவெடுத்துத் தைக்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

அப்புறம், யாரும் இன்னும் அந்தக் கேலிச்சித்திரத்தைச் சொல்லவில்லையே? எக்ஸ்கேசிடி என்ற இணையச் சித்திரத் தொடரில் 773-ஆவது. 2010-இல் ரண்டல் மன்ரோ வரைந்தது. இரண்டு வட்டங்கள். ஒன்றில் பல்கலைக்கழக முகப்பில் இருப்பவை: வளாகப் படங்கள், தலைவரின் கடிதம், பத்திரிகைச் செய்திகள். மற்றொன்றில் மக்கள் தேடி வருபவை: கல்வி நாட்காட்டி, விண்ணப்பப் படிவம், வாகன நிறுத்த விவரம், உருப்படியான வரைபடம். இரண்டு வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல்லூரியின் முழுப் பெயர் மட்டும். அன்று எங்கள் அலுவலகத்தில் அதை அச்செடுத்து ஒட்டினோம். மறுநாள் யாரோ கிழித்துவிட்டார்கள்.

#14 அணுகல்_அக்கா

நான் மார்க்கெட்டிங் இல்லை, அணுகல்தன்மை பார்க்கிறேன், அதாவது மாற்றுத்திறனாளிகளாலும் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று. மார்க்கெட்டிங் ஆட்கள் கொண்டுவந்து தரும் பிடிஎஃப்களைத் திருத்துவதே பிழைப்பு என்பதால் இந்த இழையில் எனக்கும் உரிமை உண்டு.

முதலில், அணுகல்தன்மைக்கென்றே இருக்கும் வெப்எய்ம். அது யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே இயங்குவது, ஆகவே நம் வீட்டுப் பிள்ளை. 2019-இலிருந்து ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வெளியிடுகிறார்கள். 2024-இல் 95.9 சதவீதப் பக்கங்களில் கருவியாலேயே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் இருந்தன. அதில் முதலிடம் எதற்கு? பின்னணியோடு கலந்துபோகும் மங்கலான எழுத்துக்கு. 'நம் நிறுவன நிறம் இது, மாற்ற முடியாது' என்று அடுத்தமுறை யாராவது சொல்லும்போது அந்த அறிக்கையை நீட்டுங்கள்.

இரண்டாவது, பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு எழுதும் வலைப்பதிவுகள். 2018-இல் ஒரு பதிவு போட்டார்கள்: அரசு உள்ளடக்கத்தை ஏன் பிடிஎஃபாக இல்லாமல் எச்டிஎம்எல்லாக (சாதாரண இணையப் பக்கமாக) வெளியிட வேண்டும் என்று. பிடிஎஃப் கைப்பேசித் திரைக்கு ஏற்ப விரியாது, யார் எங்கே விட்டுப்போனார்கள் என்று அளக்க முடியாது, தேடுவது கடினம், பழைய பிரதி எங்காவது சுற்றிக்கொண்டே இருக்கும். நான் நான்கு வருடம் தொண்டை வறளச் சொன்னதை ஒரே பக்கத்தில் எழுதிவிட்டார்கள். அதை அச்செடுத்துக் கொடுத்தபின்தான் எங்கள் பதிவாளர் அலுவலகம் அசைந்தது. அச்செடுத்துக் கொடுத்தது காகிதத்தில்தான். என்ன செய்வது, சிலருக்குக் காகிதம்தான் நம்பிக்கை.

வாசிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிய நீல்சன் நார்மன் குழுவின் கட்டுரைகள். யாக்கோப் நீல்சன் 1997-இலேயே எழுதினார்: சோதனையில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாகவே மேய்ந்தார்கள், சொல் சொல்லாக வாசித்தவர்கள் 16 சதவீதம்தான். ஆனாலும் ஒவ்வொரு துறைப் பக்கமும் இன்றுவரை 'நிறுவப்பட்ட நாள் முதலாய்' என்றுதான் தொடங்குகிறது.

#15 எண்கணக்கு

அக்கா, அந்த 'நாள் முதலாய்' எங்கள் தளத்தில் பதினேழு இடத்தில் இருக்கிறது. இப்போதுதான் தேடினேன்.

#16 சேர்க்கை_மேசை

இதுவரை சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். நான் சேர்க்கைப் பிரிவு. கடைசிபெஞ்ச் சொன்ன தேநீர் குடிக்க வந்தவர் என்னைப் போன்ற ஆள்தான்.

மார்க்கெட்டிங் நண்பர்கள் இவ்வளவு வாசிக்கிறீர்கள் என்று இன்றுதான் தெரிகிறது, மரியாதை கூடியது. ஆனால் எங்களிடம் வரும் மின்னஞ்சல்களை யாராவது கேட்டு வாங்கி வாசித்ததுண்டா? 'இடம் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன செய்ய வேண்டும்?' என்ற கேள்விதான் பாதி. இடம் கொடுத்து, மாணவரும் சரி என்று சொல்லி, வகுப்பு தொடங்கும் நாளில் ஆளைக் காணோம் என்பதை 'சம்மர் மெல்ட்' என்பார்கள். கோடையில் பனி உருகுவது போல. விண்ணப்பம் வந்ததோடு மார்க்கெட்டிங் கணக்கு முடிந்துவிடுகிறது, உருகுவது அதற்குப் பிறகு. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016-இல் குறுஞ்செய்தியில் தானாகவே பதில் சொல்லும் நிரல், அதாவது பாட் ஒன்றைக் கொண்டுவந்தது இந்த உருகலைக் குறைக்கத்தான். அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், தேடி வாசியுங்கள். அதில் என்னைக் கவர்ந்தது பாட் அல்ல, மாணவர்கள் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே பதில்களைத் தொகுத்து வைத்த உழைப்பு.

#17 கடைசிபெஞ்ச்

சேர்க்கை_மேசை, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் பொது மின்னஞ்சல் பெட்டியே நல்ல வலைப்பதிவு.

#18 வலசைப்பறவை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

முப்பத்து நான்கு வலைப்பதிவுகளில் இருபத்தெட்டை நீக்கினேன். கை நடுங்கியது. வலைப்பதிவுகளைத் திரட்டித் தரும் ஃபீட்லியில் இப்போது இருப்பவை: கூகுள் சர்ச் சென்ட்ரல், ஸ்பார்க்டோரோ, சிமோ அஹாவா, ஏற்கெனவே இருந்த நீல்சன் நார்மன், வெப்எய்ம், இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. புதிதாகச் சேர்த்தவை லிங்க், வொங்க்எச்ஈ, அஷர். அஷரை வாசிக்கும்போது பாதி புரியவில்லை, நிதி விஷயம் அதிகம். ஆனாலும் விடவில்லை. போன வாரம் கூட்டத்தில் துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து வந்தவர் ஏதோ சொன்னபோது, முதல்முறையாக எந்தக் கவலையிலிருந்து அவர் பேசுகிறார் என்று விளங்கியது.

அப்புறம் சேர்க்கை_மேசை சொன்னபடி எங்கள் சேர்க்கைப் பிரிவிடம் ஒரு மாத மின்னஞ்சல்களைப் பெயர் நீக்கிக் கேட்டேன். தளத்தின் உள்தேடல் பதிவையும் எடுத்தேன். தேடல் சொற்களில் முதலிடம் 'நாட்காட்டி'. அந்தக் கேலிச்சித்திரத்தில் இருக்கும் அதே நாட்காட்டி! எங்கள் தளத்தில் அது பிடிஎஃப். அதுவும் ஸ்கேன் செய்த பிடிஎஃப். மூன்று வருடத்துப் பிரதிகளும் தேடலில் வருகின்றன, முதலில் வருவது இரண்டு வருடம் பழையது.

சாதாரணப் பக்கமாக மாற்ற ஒரு மதியம் ஆனது. அனுமதி வாங்க ஒன்பது நாள். பதிவாளர் அலுவலகம், முத்திரை இல்லாமல் எப்படி வெளியிடுவது என்று கேட்டது. அணுகல்_அக்கா சொன்ன பதிவைக் காகிதத்தில் கொண்டுபோனேன்.

#19 அணுகல்_அக்கா

காகிதம் வேலை செய்ததா?

#20 வலசைப்பறவை

செய்தது அக்கா. ஆனால் முத்திரையைப் பக்கத்தின் கீழே படமாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான மாற்று உரையும் எழுதிவிட்டேன்.

#21 தேடுபொறி_தேனீ

பழைய மூன்று பிடிஎஃப்களையும் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட 301 போட்டீர்களா?

#22 வலசைப்பறவை

இரண்டுக்குப் போட்டேன். மூன்றாவது எந்தச் சர்வரில் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. நூலகத்தில் கேட்கச் சொல்கிறார்கள்.

#23 பழைய_வெப்மாஸ்டர்

நூலகத்தில்தான் இருக்கும். எல்லா இடத்திலும் அங்கேதான் இருக்கும்.

அது சரி, அந்தச் சொல்ல வெட்கப்படும் வலைப்பதிவு எது?